சலுகை கதவைத் தட்டும், தகுதிதான் திறக்கும்

கல்வியில் ‘சலுகை’ என்றாலே நம் பெற்றோருக்கு மெட்ரிகுலேஷன்தான் நினைவுக்கு வரும். 2003 முதல் அங்கே பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு வந்தது. எஸ்.டி.பி.எம். படிப்பு ஒன்றரை ஆண்டு. மெட்ரிகுலேஷனோ பெரும்பாலும் ஓராண்டுதான். எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனப் பாகுபாடின்றி இடம் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2024 ஜூனில்தான் அறிவித்தார். அதனால் சலுகை என்பது பிறருக்கு உரியது என்றே பழகிவிட்டோம்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும் சலுகை ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது. எம்.பி.ஏ. படிக்கப் பொதுவாகச் சில ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 2007-இல் அறிவித்த ‘டூ பிளஸ் டூ’ திட்டத்தில், பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால், இரண்டு முதல் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேரலாம். ஸ்டான்போர்ட், வார்ட்டன் போன்றவையும் இப்படி முன்கூட்டியே இடம் தருகின்றன.

ஹார்வர்ட் இதில் யாருக்கு முன்னுரிமை தருகிறது? குடும்பத்தில் முதல் பட்டதாரி, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை, தொழிற்சாலை, சில்லறை வணிகம் போன்ற துறைகளுக்குப் போகிறவர், சொந்தத் தொழில் தொடங்குகிறவர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் இனம் பார்த்து இடம் தருவதைத் தடுத்தது. ஆனால் குடும்பப் பொருளாதார நிலையைப் பார்ப்பதற்கு அந்தத் தடை இல்லை.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார், அம்மா பிரிக்பீல்ட்ஸில் பூ கட்டி விற்கிறார் என்று எழுதப் பிள்ளைகளுக்குக் கூச்சம். மறைக்க நினைப்பதுதான் அங்கே மதிப்புப் பெறும் செய்தி! பள்ளி முடிந்து கடையில் கணக்குப் பார்த்ததும், தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் பொறுப்புணர்வுக்குச் சான்றுதான்.

அதற்காக ஏழ்மையைச் சொன்னால் போதும் என்று எண்ண வேண்டாம். ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. தேர்வு எழுதியே ஆக வேண்டும். பல்கலைக்கழக மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் எல்லாம் உண்டு. ஒரே தகுதியுள்ள இருவர் நிற்கும்போது, கடினமான பாதையில் வந்தவரைக் கூர்ந்து பார்ப்பார்கள். சலுகையின் வேலை அவ்வளவுதான்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். மிகவும் தேவையுள்ள மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணத்தையும் உபகாரச் சம்பளமாகத் தருவதாக ஹார்வர்ட் 2022-இல் அறிவித்தது. தங்குமிடம், சாப்பாட்டுச் செலவு தனி. அதையும் இப்போதே கணக்கிடுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் இருந்தால், இன்றே இதைப் பற்றிப் பேசுங்கள். இறுதியாண்டு முடிந்து வேலைக்குப் போன பிறகு இந்த வாசல் மூடிவிடும். பிறகு பொது வரிசையில்தான் நிற்க வேண்டும்.