கடைக் கொப்பியும் செயற்கை நுண்ணறிவும்

பெரிய சுப்பர்மார்க்கட்டில் ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும், அதன் பட்டைக்கோட்டை இயந்திரம் வாசித்தவுடன் அந்த விற்பனை கணினியில் பதிவாகிவிடுகிறது. எந்தச் சாமான் எந்த நாளில் அதிகம் போகிறது, எது ராக்கையில் கிடந்து தூசி படிகிறது, அடுத்த மாதம் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பதிவுகளிலிருந்து கணித்துச் சொல்வதையே வணிக நுண்ணறிவு என்கிறார்கள். முன்பு அது பணமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டியது. இன்று கையில் ஃபோன் உள்ள எவரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழிலேயே "என் கடைக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்கலாம். பதில் உடனே வருகிறது. அந்தப் பதிலை நம்பி முதலைப் போடலாமா என்பதுதான் கேள்வி.

இதைக் கென்யாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்ட், கலிபோர்னியா பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 640 சிறு வியாபாரிகளை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஜீபீடீ-4இல் இயங்கும் ஆலோசகர் ஒன்றை வட்ஸ்அப்பில் கொடுத்தார்கள். எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தபோது பலன் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. ஏற்கனவே நன்றாக வியாபாரம் செய்தவர்கள் ஏறக்குறைய 15% முன்னேறியிருந்தார்கள். தடுமாறிக்கொண்டிருந்தவர்களோ ஏறக்குறைய 8% பின்னே போயிருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே ஆலோசகர்தான். பின்தங்கியவர்கள் அதனிடம் கேட்டவை மிகக் கடினமான பிரச்சினைகள் என்பது உரையாடல்களை வாசித்தபோது தெரிந்ததாம். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவருக்கே இது பாதகமாகலாம் என்பது எனக்குச் சிறிய செய்தியாகத் தெரியவில்லை.

நம் நாட்டு ஆய்வு ஒன்றும் இங்கே பொருந்துகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல் வேறு இருவருடன் சேர்ந்து, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிறு வியாபாரிகளை ஆராய்ந்தார். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் சொன்ன விற்பனைத் தொகை உண்மையைவிட ஏறக்குறைய 30% குறைவு. விற்பனையிலிருந்து செலவைக் கழித்தால் வரும் விடைக்கும், "இலாபம் எவ்வளவு?" என்று நேரே கேட்டபோது சொன்ன தொகைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. இந்த மாதம் வாங்கிய சாமான் அடுத்த மாதம் விற்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஃபோனில் இருக்கும் ஆலோசகருக்குத் தெரிவது நாம் எழுதிக் கொடுக்கும் இலக்கங்கள் மட்டுமே.

திரியாயில் என் சாச்சிக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. நோன்புக்கு முந்திய மாதக் கொப்பியை வாங்கி, அதில் உள்ள இரண்டு தொகைகளை மட்டும் வேண்டுமென்றே ஒரு செயலியிடம் கொடுத்துப் பார்த்தேன். கைக்கு வந்த காசு 163,000 ரூபாய், கொள்வனவு 230,000 ரூபாய். 67,000 ரூபாய் நட்டம், கொள்வனவை உடனே குறையுங்கள் என்று அது சொன்னது. சாச்சி சிரித்துவிட்டார். "நட்டமெண்டா சொல்லுது? அப்ப நோன்புக்கு வாங்கி வெச்ச சாமான் எங்க போச்சாம்?"

சாச்சி கேட்டதைத்தான் கணக்கீட்டுப் பாடத்தில் ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு என்று படிக்கிறோம். மாதத் தொடக்கத்தில் கடையில் 40,000 ரூபாய்ச் சாமான் இருந்தது. முடிவில், நோன்புக்காக வாங்கிய பேரீச்சம்பழம், சவ்வரிசி எல்லாம் சேர்த்து 106,000 ரூபாய்க்கு மிஞ்சியிருந்தது. ஆகவே கடையை விட்டுப் போன சாமானின் விலை 164,000. அதிலும் 6,000 ரூபாய்க்கு அரிசியும் சீனியும் வீட்டுக்குப் போனவை. வீடு வேறு, கடை வேறு என்பதால் அதைக் கழித்தால் 158,000. கடன் கொப்பியில் இன்னும் 22,000 ரூபாய் விற்பனை எழுதியிருந்தது. அதைச் சேர்த்தால் மொத்த விற்பனை 185,000. கரண்ட் பில் போன்றவற்றைக் கழிக்க முன் இலாபம் 27,000 ரூபாய்! முழு விபரத்தையும் கொடுத்தபோது செயலியும் இதே விடையைச் சொன்னது. கூட்டல் கழித்தலில் அது எங்களைவிடக் கெட்டிதான்.

ஆனால் எல்லா விபரமும் நம்மிடம் கேட்டுத்தான் பதில் சொல்லும் என்றில்லை. உல்லாசப் பயணிகளுக்காக எப்போது குளிர்பானம் அதிகம் வாங்கி வைக்கலாம் என்று கேட்டேன். டிசம்பர் என்றது. அது காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக்குச் சரி. இங்கே அது வாடைக் காற்றும் மழையும் உள்ள காலம், கடல் கொந்தளிக்கும். நிலாவெளிக்கு ஆட்கள் வருவது ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. இப்படிப்பட்ட செயலி, தான் படித்த கோடிக்கணக்கான வரிகளில் அதிகம் கண்டதை ஒட்டித்தான் சொற்களைக் கோத்துத் தருகிறது. இலங்கை என்றால் தென்கரையைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறார்கள், அதுவும் ஆங்கிலத்தில். திரியாயைப் பற்றி யார் எழுதியிருக்கிறார்கள்?

முதல் போதாது என்று சொன்னால் வட்டிக் கடன் எடுக்கச் சொல்கிறது. வட்டி வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிட்டால், கூட்டு முதலீடு, தவணைக் கொள்வனவு என்று வேறு வழிகளைத் தேடித் தருகிறது. அதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் ஸூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது தவணைக் கடனைச் சிறிதென்றோ பெரிதென்றோ பாராமல் எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. அதனால் கடன் கொப்பி நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அதில் உள்ள பெயர்கள் அமானிதம். யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு இந்த மாதம் கையில் இல்லை என்பதெல்லாம் கடைக்காரரை நம்பி ஊர் விட்டுவைத்த இரகசியங்கள். செயலியில் எழுதுவது எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. எனவே சாச்சியின் கொப்பியில் இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. ஃபோனுக்குப் போவது அந்த இலக்கமும் தொகையும் மட்டும். எந்த இலக்கம் எந்த வீடு என்ற பட்டியல் சாச்சியின் அலுமாரியில் பூட்டியிருக்கிறது, எனக்கும் காட்டுவதில்லை.