பிறர் ஒப்படைத்த அந்தரங்கம்

வலைக்கால வாழ்க்கை – 9

கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி அவர்கள், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது 86. அந்தரங்கம் என்பது இந்தியப் பிரஜையின் உரிமைதானா என்ற மூலக் கேள்வி அவ்வழக்கின் போக்கில் எழ, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்து, அரசியல் சாசனத்தின் 21-ஆம் ஷரத்து அளிக்கும் உயிர், சுதந்திரப் பாதுகாப்பிலேயே அவ்வுரிமை அடங்கியிருக்கிறதென்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். 2024 அக்டோபரில், 98-ஆம் வயதில், புட்டசாமி பெங்களூரில் காலமானார். அத்தீர்ப்பு அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு ஓர் எல்லையை வகுத்தது. ஆனால் வீடியோ கூட்டத்தில் நம் கணினித் திரையை நாமே பலர் முன் விரிக்கும்போது, அங்கே காவல் நிற்க வேண்டியவர் நாமே.

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் காலைக் கூட்டம் தொடங்கியதும் எவரேனும் ஒருவர் ஸ்கிரீன் ஷேர் செய்வது நித்திய வழக்கம். அவர் காட்ட எண்ணுவது ஒரு கணக்குத் தாளை மட்டுமே; ஆயினும் முழுத் திரையையும் பகிர்ந்துவிட்டாரானால், திறந்து கிடக்கும் மின்னஞ்சலின் தலைப்புகளும், முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தை அடித்த மாத்திரத்தில் வரிசையாக விழும் பழைய தேடல்களும், மூலையில் எட்டிப் பார்க்கும் வாட்ஸ்அப் செய்தியும் கூடவே அரங்கேறிவிடுகின்றன. அவற்றுள் பெரும்பகுதி அவருடையதே அல்ல என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தங்கை தன் மருத்துவப் பரிசோதனை முடிவைத் தெரிவித்திருப்பாள். தமக்குக் கீழே பணிபுரிபவரின் சம்பள விவரம் கோப்பாக இருக்கும். நண்பரொருவர் தம் குடும்பக் கஷ்டத்தை எழுதியிருப்பார். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட இவை வெளிப்படும்போது, நஷ்டம் அந்தக் கூட்டத்திலேயே இல்லாத ஒருவரைச் சேர்கிறது.

ஆகையால் முதல் நியமம், முழுத் திரையை விடுத்து, தேவையான ஒரு சாளரத்தையோ உலாவியின் ஒரு தாவலையோ மட்டும் பகிர்வதாகும். வந்தவரைக் கூடத்தில் அமர்த்தி உபசரிக்கும் நாம், அதற்காகப் பெட்டி பேழைகளைத் திறந்து வைப்பதில்லை அல்லவா? ஜூம், மீட், டீம்ஸ் ஆகிய மூன்றிலும் இந்த வசதி உண்டு. அறிவிப்புகளை நிறுத்திவைப்பதும், அலுவலக வேலைக்கென உலாவியில் தனிக் கணக்கு வைத்துக்கொள்வதும், காட்டி முடித்த கணமே பகிர்வை நிறுத்துவதும் அடுத்த நியமங்கள். கைபேசியில், ஆண்ட்ராய்டு 15 முதல், திரை பகிரப்படும் வேளையில் அறிவிப்புகளின் உள்ளடக்கம் தானே மறைக்கப்படுகிறது. ஆனால் யந்திரத்தை மட்டும் நம்புதல் போதாது. ஒரே சாளரத்தைப் பகிர்ந்தாலும் பிற சாளரங்கள் கணநேரம் பார்ப்போருக்குத் தெரிந்துவிடும் ஒரு குறைபாடு ஜூமில் இருந்தது 2021-இல் வெளிவந்தது. கூட்டம் பதிவு செய்யப்பட்டால், கணநேரக் காட்சியும் நிலைத்துவிடும். எனவே கூட்டத்துக்கு வேண்டாதவற்றை முன்னதாகவே மூடிவிடுவதே உத்தமம்.

கூட்டத்தைக் கூட்டுபவருக்கும் பொறுப்பு உண்டு. 2023 டிசம்பரில், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் வீடியோ விசாரணைகளுக்குள் விஷமிகள் புகுந்து ஆபாசக் காட்சிகளை ஓடவிட்டனர். தலைமை நீதிபதி பிரசன்ன பி. வராலே, வீடியோ விசாரணையும் நேரலையும் நிறுத்தப்படுவதாக நீதிமன்றத்திலேயே அறிவிக்க நேர்ந்தது. தொலைதூரத்து வழக்கறிஞர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும் பேருதவியாயிருந்த கதவு, சிலரது துஷ்டத்தனத்தால் தற்காலிகமாக அடைபட்டது. கூட்டத்துக்குக் கூட்டம் புதிய கடவுச்சொல், வருவோரைப் பரிசீலித்து அனுமதிக்கக் காத்திருப்பு அறை, திரையைப் பகிரும் அதிகாரம் நடத்துபவருக்கு மட்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே உபதேசித்திருந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டம், பள்ளி வகுப்பு, உறவினர் கூடும் இணையவழிச் சஷ்டியப்தபூர்த்தி ஆகிய எதற்கும் இவை பொருந்தும்.

இவற்றினும் கொடிய அபாயம் ஒன்று உண்டு. வங்கியிலிருந்தோ போலீஸிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, திரையைப் பகிரும்படி கேட்கும் அந்நியர், நம் திரையில் வந்து விழும் ஓ.டி.பி.யை நம்மோடு சேர்ந்தே வாசிக்கிறார். தொலைவிலிருந்து கைபேசியை இயக்கும் செயலிகளால் விளையும் மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. அறியாதவருக்குத் திரையைப் பகிரலாகாது. ஏமாந்துவிட்டாலோ, வெட்கத்தை ஒதுக்கி, உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துவிட வேண்டும்.

பார்ப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு. பிறர் திரையில் தகாதது தென்பட்டால், அக்கணமே தெரிவித்துப் பகிர்வை நிறுத்தச் செய்வதும், அதைப் படமெடுக்காதிருப்பதும், பின்னர் எவரிடமும் பேசாதிருப்பதும் நாகரிகத்தின் அடையாளங்கள். காட்டுபவர், கூட்டுபவர், காண்பவர் ஆகிய மூவரும் இந்நியமங்களைக் கைக்கொண்டாலன்றி, நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை நம் அன்றாட வாழ்வில் முழுமை பெறாது.

அடுத்த வாரம்: பதிவு செய்யப்படும் கூட்டங்களும் நம் சம்மதமும்