'அடிக்கடி' என்னும் படிக்கல்

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் பெருவழியிலுள்ள மானகிரியில், எனக்குப் பழக்கமான வீடொன்றின் வளவில் ஊஞ்சலில் அமர்ந்து, சென்னையில் கணிப்பொறி உத்தியோகம் பார்க்கும் முப்பத்து நான்கு பிராயத்து மகன், தமக்குக் கவனக்குறைவும் மிகுசெயலும் சேர்ந்த 'ஏ.டி.எச்.டி.' உண்டா என்று அறியக் கைப்பேசியில் ஒரு வினாத்தாளைத் திறந்து, எடுத்த காரியத்தின் கடைசிப் பகுதியை முடிக்க முடியாமல் அடிக்கடி தவிப்பதுண்டா என்று தமிழாக்கி வாசிக்க, முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவர் தாயார் ஆச்சி, "அடிக்கடின்னா எப்படி தம்பி, நாளைக்கு நாலு தடவையா, வாரத்துக்கு நாலு தடவையா?" என்று கேட்டார்கள். வினாத்தாளில் அதற்கு விளக்கம் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பெயரால் 2005இல் வெளிவந்த அந்த வினாத்தாளில் கேள்விகள் 18. முதல் ஆறே முன்சோதனை. கடந்த 6 மாதங்களை நினைத்து, 'ஒருபோதும் இல்லை' முதல் 'மிக அடிக்கடி' வரையுள்ள ஐந்தில் ஒன்றைத் தொடவேண்டும். முதல் மூன்றுக்குச் 'சில சமயம்' என்றாலே கணக்கில் ஏறும். அடுத்த மூன்றுக்கு 'அடிக்கடி' என்றால்தான் ஏறும். நான்கு ஏறினால் மேற்பரிசோதனை.

முன்பெல்லாம் ஒருவனின் கவனத்தை அளந்தவர் பிறர். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடந்த காலத்தில், கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனின் சிரத்தையை அளந்தவர் அவனுக்கு மேலிருந்த மேலாள். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குதம்பிப் பாவலர், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்தபோது அளந்தது சபை. இப்போதோ, ஞாபகம் நிற்கவில்லை என்று முறையிடுகிறவனே தன் மறதிகளை ஞாபகமாக எண்ணிச் சொல்லவேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. வினாத்தாள் வாசற்படிதான், நேரில் விசாரித்தே நிர்ணயம் செய்வோம் என்பார்கள் வைத்தியர்கள், நியாயமே. ஆனால் கைப்பேசியில் பார்க்கிறவர் பலர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து, தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

வைத்தியரிடம் போனாலும் சாட்சிக்கு எங்கே போவது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பின்படி, பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்க்குக் கவனக்குறைவு, மிகுசெயல் என்னும் இரு வகைகளில் ஒன்றின் ஒன்பது குறிகளில் ஐந்து போதும். ஆனால் அவற்றிற் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்கவேண்டும். ஆச்சியைக் கேட்டேன். "சின்னதிலே சமர்த்து, ஒரு இடத்திலே உட்காரமாட்டான், அவ்வளவுதான்" என்றார்கள். வைத்தியர் தேடுவது அந்த 'அவ்வளவுதா'னுக்குள்ளே அல்லவா இருக்கிறது!

நெடுநேரம் உட்கார நேர்ந்தால் கைகால் நிலைகொள்ளாமல் அசைவதுண்டா என்பது ஐந்தாம் கேள்வி. மகன் சற்று யோசித்து, 'சில சமயம்' என்பதைத் தொட்டார். அது கணக்கில் ஏறவில்லை. ஊஞ்சற்பலகைக்குக் கீழே அவருடைய வலக்கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்ததை ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.