கிளாரினெட் வாய்ப்பகுதி முகப்பை அளத்தல்

கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் (மவுத்பீஸ்) ரீட் பொருந்தும் தட்டையான தளம் முடிந்து, நுனியை நோக்கி ரீடை விட்டு மெல்ல விலகிச் செல்லும் வளைவு முகப்பு எனப்படும். ரீட் அதிர்வதற்கான இடைவெளியை இவ்வளைவே தருகிறது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு வாய்ப்பகுதிகள் வேறுபட்டு ஒலிக்க, மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வேறுபாடும் காரணமாகலாம்.

முதன்மை அளவுகள்

முகப்பில் இரண்டு அளவுகள் முதன்மையானவை. நுனிக்கும் தட்டையான ரீடுக்கும் இடையிலுள்ள தூரம் நுனித் திறப்பு ஆகும். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரையுள்ள தூரம் முகப்பு நீளம் ஆகும். பி-பிளாட் கிளாரினெட்டுகளில் நுனித் திறப்பு பெரும்பாலும் 1.0 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். வாண்டோரென் நிறுவனத்தின் பி45 வகைக்கு இது 1.195 மி.மீ.; எம்30 வகைக்கு 1.15 மி.மீ.

அளக்கும் முறை

அமெரிக்காவின் எல்கார்ட் நகரைச் சேர்ந்த எரிக் பிராண்டின் பெயரால் அறியப்படும் முறை பரவலாக வழக்கில் உள்ளது. அரை மி.மீ. கோடுகள் இட்ட கண்ணாடித் துண்டு, ரீடின் இடத்தில் நுனியோடு ஒட்டி வைக்கப்படும். இடைவெளிக்குள் ஃபீலர் கேஜ் தகடு ஒன்றை அழுத்தாமல் நுழைத்து, அது நிற்கும் கோட்டைப் படிக்க வேண்டும். 0.0015, 0.010, 0.024, 0.034 அங்குலத் தடிமன் கொண்ட தகடுகள் வழக்கமானவை. மிக மெல்லிய தகடு 34-ஆம் கோட்டில் நின்றால் முகப்பு நீளம் 17 மி.மீ. எனக் கொள்ளப்படும். நுனித் திறப்பு டயல் கேஜ் போன்ற கருவியால் அளக்கப்படுகிறது.

ஒப்பிடுதல்

ஒரு வாய்ப்பகுதி 34, 22, 12, 6 என்றும், மற்றொன்று 34, 24, 14, 6 என்றும் காட்டுவதாகக் கொள்வோம். நீளம் ஒன்றே, ஆனால் இரண்டாவதில் நடுப்பகுதி கூடுதலாகத் திறந்துள்ளது. எனவே நீளத்தையும் நுனித் திறப்பையும் மட்டும் ஒப்பிடுவது போதாது. பொதுவாகத் திறப்பு அகலமானால் மெல்லிய ரீடும், குறுகினால் தடித்த ரீடும் பொருந்தும்.

இடது, வலது விளிம்புகளைத் தனித்தனியே படிப்பதும் அவசியம். இரண்டும் பெரிதும் வேறுபட்டால் ரீட் சீராக மூடாது. கீச்சொலியும் மந்தமான ஒலியும் எழலாம். நல்ல ரீடுகளையே குறைசொல்லித் தூக்கி எறியும் கலைஞருக்கு, குறை வாய்ப்பகுதியில் இருப்பதை இவ்வளவீடு காட்டக்கூடும்.

எச்சரிக்கைகள்

மெல்லிய தகட்டின் அளவு கை அழுத்தத்துக்கும் தளத்தின் சமநிலைக்கும் ஏற்ப மாறும். ஆகவே ஒப்பிடும் இரண்டையும் ஒருவரே, ஒரே கருவியால், பலமுறை அளப்பது நல்லது. உட்புறக் குழிவும் ஒலியைப் பாதிக்கும் என்பதால், முகப்பு அளவுகள் ஒத்திருந்தாலும் ஒலி ஒத்திருக்க வேண்டியதில்லை. முகப்பைத் திருத்துவோர் உப்புத்தாளில் எபோனைட்டைத் தேய்த்து எடுக்கிறார்கள். எடுத்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது. எனவே தேய்க்கும் முன் எல்லா அளவுகளையும் எழுதி வைத்துக்கொள்வது இத்தொழிலின் முதல் ஒழுங்காகும்.