பூட்டின கதவை பத்து தடவை இழுத்துப் பார்க்கிறீங்களா? ஹிப்னாஸிஸ் கைகொடுக்குமா?

பாகூரில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறுகிறீர்கள். தவளக்குப்பம் வருவதற்குள் 'கேஸை மூடினோமா?' என்று மனசு நச்சரிக்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால்தான் நிம்மதி. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். தினமும் இப்படி வேலையும் படிப்பும் கெட்டால், அது ஓ.சி.டி-யாக இருக்கலாம். 'ரொம்ப சுத்தம் பார்க்கிற புள்ள' என்று வீட்டில் பெருமைப்படுவதுகூட சில நேரம் இதுதான்.

ஹிப்னோதெரபி என்றதும் சினிமாவில் ஆடும் பெண்டுலம் ஞாபகம் வருதா? நிஜத்தில் நீங்கள் தூங்கிவிட மாட்டீர்கள். சிகிச்சையாளரின் குரலில் கவனத்தைக் குவிக்கிறீர்கள், உடம்பின் பதற்றம் இறங்குகிறது. ஆனால், இது மட்டுமே ஓ.சி.டி-யைச் சரிசெய்யும் என்பதற்குப் போதுமான ஆய்வு ஆதாரம் இல்லை. 'மூணே சிட்டிங்ல குணம்' என்று ரீல்ஸ் வந்தால் தள்ளிவிட்டுப் போங்க.

நிரூபிக்கப்பட்ட வழி ஈ.ஆர்.பி என்ற பயிற்சி. ஒரு முறை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நெஞ்சு படபடக்கும். எதுவும் செய்யாமல் இருந்தால் அதுவே மெல்ல அடங்கும். மூளை கற்க வேண்டியது அதைத்தான். எஸ்.எஸ்.ஆர்.ஐ மாத்திரையும் உதவும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். இந்தப் பயிற்சிக்குத் துணிவு வர, மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஹிப்னாஸிஸைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படபடப்புக்கும் ஹிப்னாஸிஸ் ஆடியோவைத் தேடினால் மட்டும் உஷார், அதுவே புதுச் சடங்காகிவிடும்!

வில்லியனூரோ பாகூரோ, முதலில் 14416 டெலி மானஸுக்குப் பேசலாம், இலவசம். நேரில் என்றால் கோரிமேடு ஜிப்மரில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது. எதைத் திரும்பத் திரும்பச் செய்றீங்க, ஒரு நாளில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் போகுது என்பதை மொபைலில் குறிச்சுக்கிட்டுப் போங்க. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.