பக்கத்து வீட்டு மாத்திரை

பக்கத்து வீட்டுக்காரருக்கு பி.பி. குறைந்துவிட்டது என்பதற்காக, அவர் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரைக் குறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குச் செல்வோர் நம்மிடையே உண்டு. எல்லா மாத்திரைகளும் கருவியில் தெரியும் எண்ணைக் குறைப்பது உண்மைதான். ஆனால், குறைக்கும் வழிகள் வெவ்வேறு.

1950-களின் பிற்பகுதியில் அறிமுகமான தயசைடு வகை, சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. மக்கள் வழக்கில் அது 'நீர் மாத்திரை'. அம்லோடிபின், ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. அட்டெனலால், மெட்டோபிரலால் என 'லால்' என்று முடிபவை, அட்ரினலினின் தூண்டுதலைத் தடுத்து இதயத் துடிப்பைத் தணிக்கின்றன.

இன்னொரு வழி பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்தது. ரத்த அழுத்தம் தாழும்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தொடர்விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதை உருவாக்கும் நொதியை முடக்கும் பொருள்கள் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சில் கண்டறியப்பட்டன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு வடிவமைக்கப்பட்ட கேப்டோபிரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

முடக்கப்பட்ட அந்த நொதிக்கு, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் பணியும் உண்டு. அது சிதையாமல் தேங்குவதால், 'பிரில்' வகையை உட்கொள்ளும் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பவர்களும் உண்டு. பின்னர் வந்த லோசார்டான், டெல்மிசார்டான் ஆகியவை ஆஞ்சியோடென்சின்-2 செயல்படும் இடத்தையே அடைப்பதால் இத்தொல்லை அரிது. இவ்விரு வகைகளும் நீரிழிவாளர்களின் சிறுநீரகத்தைக் காக்க உதவுபவை. ஆனால், கர்ப்பிணி உட்கொண்டாலோ கருவிலுள்ள சிசுவின் சிறுநீரகத்தைச் சிதைக்கக்கூடியவை.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். உடலில் நீர் கூடியதால் வருவதல்ல அது. நுண்குழாய்களிலிருந்து ஏற்படும் கசிவு. தாமாகவே நீர் மாத்திரையைச் சேர்த்துக்கொள்வோருக்கு வீக்கம் பெரும்பாலும் வடியாது; சோடியமும் பொட்டாசியமும் குறைந்து தலைச்சுற்றலும் சோர்வும் வரலாம். 'லால்' வகை ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும். பி.பி. சரியாகிவிட்டதென்று அதைத் திடீரென நிறுத்தினால், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே நேரலாம்.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பாராட்டத்தக்க ஏற்பாடு. மாத்திரை எந்த வகை, எந்த அறிகுறி தோன்றினால் மருத்துவரிடம் செல்ல வேண்டும், எதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பவற்றைத் தமிழில் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றையும் அத்துடன் தருவதற்குப் பெரிய செலவு ஆகாது.