வாழை இலையில் ஒரு வலைப்பக்கம்

மாப்பிள்ளைச் சம்பா பெட்டிக்குள் அடங்கவில்லை.

பாரம்பரிய நெல் ரகங்களைச் சேகரித்துக் காக்கும் சிறு குழு ஒன்றுக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தேன். ரகத்துக்கு ஓர் அட்டை. மேலே கதிரின் படம், அதன் கீழே பெயர், அடியில் ‘விதை கேட்க’ என்று ஒரு பொத்தான். வரையத் தொடங்கிய அன்று என் கையில் இருந்த பெயர் தூயமல்லி. அதை வைத்தே அட்டையின் அகலத்தை முடிவு செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. வரைந்ததை ஒரு கருவியின் துணையோடு அப்படியே இணையப் பக்கமாக மாற்றினேன். முழுப் பட்டியலும் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளைச் சம்பா இரண்டாம் வரிக்கு இறங்கிப் பொத்தானின் மேல் விழுந்தது. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த ஒருவருக்குத் தூயமல்லியும் விழுந்தது.

நான் அச்சுத் துறையிலிருந்து வந்தவன். கல்யாணப் பத்திரிகை, புத்தக அட்டை, கடை விளம்பரம் என்று பழகிய கை. அங்கே தாளின் அளவு முதலிலேயே தெரியும். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இணையப் பக்கத்துக்குத் தாள் கிடையாது. 360 பிக்சல் அகலக் கைபேசியிலும் 1920 பிக்சல் அகல மேசைத் திரையிலும் அதே பக்கம்தான் திறக்கும். படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்குவார், கைபேசியைப் பக்கவாட்டில் திருப்புவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

கைக்குப் புரிந்தது ஒரு கல்யாணப் பந்தியில். இலையின் இடது நுனியில் உப்பு, பக்கத்தில் ஊறுகாய், மேல்பாதியில் கறி வகைகள், கீழ்ப்பாதியில் சோறு. பரிமாறுகிறவர் அளவுகோல் கொண்டு வருவதில்லை. இலை பெரிதோ சிறிதோ, எது எந்த விளிம்பை ஒட்டி, எது எதற்கு அடுத்து என்பது மட்டுமே கணக்கு. கூட்டு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் பொரியல் கொஞ்சம் தள்ளி விழும், அவ்வளவுதான். பிரௌசர் ஒரு பக்கத்தை அடுக்குவதும் இப்படித்தான். ஒவ்வொரு பெட்டியும் தன் உள்ளே இருப்பதற்கு ஏற்ப வளர்கிறது. வளர்ந்த பெட்டி அடுத்ததைக் கீழே தள்ளுகிறது. நானோ, ‘இடமிருந்து 24, மேலிருந்து 310’ என்று உப்புக்கு ஆணி அடித்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு கருவிகளைப் பார்க்கும் விதமே மாறியது. எதில் பொத்தான்கள் அதிகம், எது விலை குறைவு என்பதை விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன்: நான் ஒரு பெட்டியை வைக்கும்போது இது எதை நினைவில் வைக்கிறது, இடத்தையா, உறவையா?

இந்தக் கேள்வி பழையது. 1963இல் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லாண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற மென்பொருளை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடலாம். கோணலாகப் போட்ட இரண்டு கோடுகளை ‘இணையாக இருங்கள்’ என்று கட்டளையிட்டால் கணினியே நிமிர்த்திக்கொள்ளும். ஒரு மூல உருவத்தை வரைந்து அதற்குப் பல பிரதிகள் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் எல்லாம் திருந்தும். இன்றைய டிசைனர்கள் ‘காம்பொனென்ட்’ என்று சொல்வதன் வேர் அதுதான். என் நெல் அட்டையும் அப்படி ஒரு மூலத்தின் பிரதிகளே. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உறவுகளை நினைவில் வைக்கும் வரைபலகை இருந்தது என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உலகளாவிய வலையும் படிப்பதற்கு மட்டுமல்ல, எழுதுவதற்கும் சேர்த்தே பிறந்தது. 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் பிரௌசரிலேயே பக்கத்தைத் திருத்தவும் முடிந்தது. பின்னால் பரவலான பிரௌசர்கள் படிப்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்டன. எழுத வேண்டுமென்றால் கோடிங் தெரிய வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஃப்ரன்ட்பேஜ், ட்ரீம்வீவர் போன்ற கருவிகளை நாட வேண்டியிருந்தது. 1994இல் ஹோகோன் வியூம் லீ முன்வைத்த சிஎஸ்எஸ், பக்கத்தின் பொருளையும் தோற்றத்தையும் பிரித்துத் தோற்றத்துக்கெனத் தனி விதிமொழியைத் தந்தது. 2010இல் ஈதன் மார்கோட், ஒரே பக்கம் திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் வைத்தார். கோடிங் இல்லாமலே பக்கம் கட்டவைக்கும் இன்றைய நோ-கோட் கருவிகள் எல்லாம் இந்த இரண்டின் மேல் கட்டிய வீடுகள்தான்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன்.

வரைபலகைக் கருவியான ஃபிக்மாவை 2012இல் டிலன் ஃபீல்டும் எவன் வாலஸும் தொடங்கினார்கள்; 2016இல் எல்லோருக்கும் திறந்தது. அது பிரௌசருக்குள் ஓடுகிறது, ஆனால் வரைபலகையைப் பிரௌசரின் பெட்டிகளால் கட்டவில்லை. சி++ மொழியில் எழுதிய தனக்கே உரிய வரைபொறியைக் கொண்டு, கணினியின் கிராஃபிக்ஸ் சிப்பிடம் நேரடியாகப் படம் போடச் சொல்கிறது. அதனால்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே பலகையில் விரித்துப் போட்டாலும் விரலுக்கு இணையாக நகர்கிறது. எழுத்தை வரிகளாக மடிப்பதும் அதன் சொந்தப் பொறிதான். ஆகவே அங்கே பார்ப்பது பக்கத்தின் படம், பக்கம் அல்ல. 2019இல் வந்த ‘ஆட்டோ லேஅவுட்’ இந்தப் பலகைக்குள் வாழை இலைக் கணக்கைக் கொண்டுவந்தது. பெட்டியிடம் உள்ளே இருப்பதைத் தழுவிக்கொள் என்று சொல்லலாம், கிடைக்கும் இடத்தை நிரப்பு என்றும் சொல்லலாம். மாப்பிள்ளைச் சம்பா அட்டையை இதில் மறுபடி வரைந்தபோது பெயர் இரண்டு வரியானது, பொத்தான் தானாக இறங்கியது.

2013இல் தொடங்கிய வெப்ஃப்ளோ வேறு வகை. அதன் பலகையில் இருப்பது படம் அல்ல, பிரௌசர் படிக்கும் எச்டிஎம்எல் மொழியில் உள்ள உண்மையான பக்கம். வலப்புறப் பட்டியில் நாம் தொடும் ஒவ்வொரு குமிழும் சிஎஸ்எஸ்ஸின் ஒரு விதி. பெட்டிகளுக்கு ‘கிளாஸ்’ பெயர் சூட்ட வேண்டும். மேசைத் திரைக்குச் சொன்ன விதி சின்னத் திரைகளுக்கும் வழிந்து இறங்கும். தட்டச்சு இல்லை, ஆனால் யோசனை முழுக்க நிரலாளருடையது. முதல் இரண்டு வாரம் எனக்குக் கடினமாக இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் கற்றது, அதற்கு முந்தைய பல வருடங்களில் கற்றதைவிட அதிகம்.

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த ஃப்ரேமர் நடுவில் நிற்கிறது. அசைவுகளை முன்மாதிரியாகச் செய்துபார்க்கும் கருவியாகத் தொடங்கி, 2022இல் இணையதளம் கட்டும் கருவியானது. வரைபலகை போலவே கை ஓடும். மேசை, டேப்லட், கைபேசி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்திருக்கும். ஒரு நாள் விழாவுக்கு ஒற்றைப் பக்கம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இந்தக் கருவிகளின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தவை. ‘ஹோம்’, ‘ஷாப்’ என்று ஓரசைச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று எழுதிப் பாருங்கள். இடைவெளி இல்லாத ஒற்றைச் சொல், மடிக்க வழியில்லை. ‘கி’யின் கொக்கி மேலே எழும், ‘கு’ கீழே சுழியும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் இரண்டும் உரசிக்கொள்ளும். எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடைவெளி விடாமல் நான் தமிழ்ப் பத்தி வைப்பதில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ‘கொ’ என்பதில் கணினி சேமிப்பது ‘க’, ‘ொ’ என்ற இரண்டே குறிகள். அந்த உயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து எழுத்தின் இருபுறமும் வைப்பது குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறமூல மென்பொருள். வரைபலகையின் பொறி வேறு, பிரௌசரின் பொறி வேறு என்பதால், தமிழ்த் தலைப்பை உண்மையான பிரௌசரில், விலை குறைந்த கைபேசி ஒன்றில் பார்க்காமல் நான் இப்போது ஒப்படைப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத வேலையும் உண்டு. பெரிய தடித்த எழுத்து, படத்தில் தலைப்பாகத் தெரியும். பார்வையற்றவருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது தலைப்பு என்று தனியே சொல்ல வேண்டும்; பக்கத்தின் மொழி தமிழ் என்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அது ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளக்கூடும். வெறும் வரைபடம் இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. பக்கத்தையே கட்டும்போதுதான் இவை முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன. விதை கேட்டு வருகிறவர்களில் கண் தெரியாத விவசாயியும் இருப்பார் என்பதை எனக்கு உறைக்கவைத்தது வெப்ஃப்ளோவோடு மல்லுக்கட்டிய அந்த இரண்டு வாரம்தான்.

நெல் குழுவுக்கு ஃபிக்மாவில் வரைந்து வெப்ஃப்ளோவில் கட்டினேன். காரணம் அழகு அல்ல. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்ற இணையச் சேவையில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை வைத்திருந்தார்கள். 2009இல் யாஹூ அதை மூடியது. விதைக் கணக்கு அப்படிப் போய்விடக் கூடாது. வெப்ஃப்ளோவிலிருந்து பக்கத்தின் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகளை வெளியே எடுக்கலாம். ரகங்களின் பட்டியலைத் தனியாக அட்டவணைக் கோப்பாக இறக்கலாம். மாதம் ஒருமுறை இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுகிறேன்.

சென்ற மாதம் குழுவை நடத்தும் அக்கா போன் செய்தார். “தம்பி, ஆற்காடு கிச்சிலிச் சம்பாவை நானே ஏத்திட்டேன். சரியா வந்திருக்கான்னு பாரு.”

கைபேசியில் திறந்தேன். மூன்று சொல் பெயர், மூன்று வரியாக மடிந்திருந்தது. பொத்தான் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதே வரிசையில் பக்கத்தில் இருந்த தூயமல்லி அட்டையும் அந்த உயரத்துக்குத் தன்னை நீட்டிக்கொண்டிருந்தது.

“வந்திருக்கு அக்கா” என்றேன்.

“அப்ப கருத்தக்காரையும் ஏத்திடறேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.